கருவிலேயே தொடங்குகிறதா எம்.எஸ். நோய்? மகளுக்காக ஒரு கேள்வி

நல்லூர் அம்மா (ரொறன்ரோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 26 வயதில், மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் தண்டுவட மரப்பு நோய், அதாவது இங்கே எல்லோரும் எம்.எஸ். என்று சொல்லும் மல்ரிபிள் ஸ்கிளீரோசிஸ், இருப்பதாக வைத்தியர்கள் உறுதிப்படுத்தினார்கள். ஒரு கண்ணில் பார்வை மங்கியதில்தான் எல்லாம் தொடங்கியது. மருந்தினால் நோய் இப்போது அடங்கியிருக்கிறது. வேலைக்குப் போகிறாள், திருமணமும் முடிந்துவிட்டது. இப்போது பிள்ளை பெற விரும்புகிறாள்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்த அடுத்த ஆண்டு, ஒரு மே மாதத்தில் அவள் பிறந்தாள். நான் அவளைச் சுமந்திருந்த காலத்தின் பெரும்பகுதி பனிக்காலம் என்பதால் வீட்டை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. பால் குடித்தாலே குமட்டும். சிசேரியன் செய்துதான் அவளை எடுத்தார்கள். விரைவில் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் சில மாதங்களுக்கு மேல் தாய்ப்பால் கொடுக்கவும் இயலவில்லை. இப்போது படிக்கப் படிக்க, மே மாதப் பிறப்பு, விற்றமின் டி குறைவு, சிசேரியன், புட்டிப்பால் என்று நான் கடந்து வந்த ஒவ்வொன்றும் இந்த நோய்க்கான காரணப் பட்டியலில் இருப்பதைக் காண்கிறேன். எங்கள் இரு குடும்பங்களிலும் இந்த நோய் யாருக்கும் இருந்ததில்லை. ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

நான் அறிய விரும்புவது இரண்டு. கருவுற்றிருந்தபோதும் குழந்தைப் பருவத்திலும் நடந்தவை இந்த நோயை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன? அப்படியானால், என் மகள் தன் பிள்ளைக்காக இப்போது என்ன செய்ய வேண்டும்? ஆறுதலுக்காகச் சொல்லும் பதில் எனக்கு வேண்டாம். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை அறிந்தவர்கள் எழுதுங்கள்.

சென்னை நரம்பியலர் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டபடியே எண்களோடு சொல்கிறேன்.

முதலில் மே மாதம். கனடா, பிரிட்டன், டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 42,045 எம்.எஸ். நோயாளிகளின் பிறந்த மாதங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நவம்பரில் பிறந்தவர்கள் எதிர்பார்த்ததை விட 8.5 சதவீதம் குறைவாகவும், மே மாதத்தில் பிறந்தவர்கள் 9.1 சதவீதம் கூடுதலாகவும் இருந்தார்கள். நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் இதிலிருந்தே வந்திருக்கும். ஆனால் 9 சதவீதம் கூடுதல் என்பதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். ஆயிரம் பேரில் மூவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், அந்த மூன்று ஏறத்தாழ மூன்றேகால் ஆகும், அவ்வளவுதான். அந்த வேறுபாட்டையும் பின்னர் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். எந்த நாட்டிலும் எல்லா மாதங்களிலும் குழந்தைகள் சமமாகப் பிறப்பதில்லை, அந்த ஏற்ற இறக்கமும் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, அதைச் சரியாகக் கழிக்காமல் கணக்கிட்டால் இல்லாத தொடர்பும் இருப்பதுபோலத் தோன்றும் என்று 2013-இல் விரிவான மறுப்பு வெளியானது. எனினும், பருவங்கள் தலைகீழாக வரும் ஆஸ்திரேலியாவில் 2010-இல் வந்த ஆய்வொன்றில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிறந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவும், மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களுக்குக் குறைவாகவும் இருந்ததால், இதை முற்றிலும் மாயை என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. உண்மையாகவே இருந்தாலும் மிகச் சிறியது என்பதே என் கருத்து.

பிறந்த மாதத்தைப் பற்றிய பேச்சுக்கெல்லாம் அடியில் இருப்பது வைட்டமின் டி. டொராண்டோவைப் போன்ற வடக்கு அட்சரேகைகளில் குளிர்கால வெயிலில் தோலால் அதை உருவாக்கவே முடியாது. நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். இதை நேரடியாகச் சோதிக்கப் பின்லாந்தில் ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. அந்நாட்டில் 1983 முதல் கருவுற்ற பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேமித்து வைக்கிறார்கள். பிற்காலத்தில் எம்.எஸ். வந்தவர்களின் தாய்மார்கள் அன்று கொடுத்த மாதிரிகளை எடுத்து அளந்தபோது, வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இது 2016-இல் வெளியானது. கடுமையான குறைபாட்டைத் தாண்டிவிட்டால், அளவு கூடக் கூட ஆபத்து படிப்படியாகக் குறைந்தது என்று அந்த ஆய்வால் காட்ட முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு, பிறந்த சில நாள்களில் குதிகாலில் குத்தி எடுத்து அட்டையில் உலர்த்தி வைத்த இரத்தத் துளிகளை அளந்தது. அளவு மிக அதிகமாக இருந்த குழந்தைகளின் ஆபத்து மிகக் குறைவாக இருந்த குழந்தைகளுடையதில் ஏறத்தாழப் பாதியே. ஆனால் சுவீடனில் 2014-இல் இதே முறையில் நடந்த ஆய்வு எந்தத் தொடர்பையும் காணவில்லை. எனவே, கருக்காலத்தில் வைட்டமின் டி மிகக் குறைந்திருப்பது ஆபத்தைக் கூட்டக்கூடும் என்பதற்கு நியாயமான சான்று இருக்கிறது. அது முடிந்த முடிவு அல்ல.

உங்கள் மகளின் குழந்தையைப் பற்றி: பெற்றோரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம். அதாவது நூற்றில் 97 குழந்தைகளுக்கு வருவதில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வருவது கனடாவின் தேசிய ஆய்வில் 25 சதவீதம்தான். எஞ்சியவற்றைச் சூழலும் தற்செயலும் பங்கிட்டுக்கொள்கின்றன.

வடகடல் (டென்மார்க்) எழுதியது:

நான் வைத்தியன் அல்ல. சுகாதாரப் பதிவேடுகளை வைத்துக் கணக்கிடும் வேலையில் இருப்பவன். அம்மா எழுதிய பட்டியலில் மருத்துவர் தொடாத இரண்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

சிசேரியன் பற்றிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தத் துறையின் நிலை நன்றாகப் புரியும். ஈரானிலிருந்து 2012-இல் வந்த ஆய்வு, சிசேரியனில் பிறந்தவர்களுக்கு எம்.எஸ். அதிகம் என்றது. மறு ஆண்டு டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை முழுமையாக எடுத்துக்கொண்ட ஆய்வு எந்தத் தொடர்பும் இல்லை என்றது. 2017-இல், சிறுவயதிலேயே நோய் வந்த அமெரிக்கப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்று எழுதினார்கள். ஒரே கேள்விக்குக் கூடும், மாறாது, குறையும் என்று மூன்று பதில்கள். இவற்றுள் நான் அதிகம் நம்புவது டென்மார்க்கினதை. நான் வாழும் நாடு என்பதால் இப்படிச் சொல்லவில்லை. பிரசவ முறை அன்றைக்கே ஆவணத்தில் பதிவாகியிருந்தது. யாரும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த நினைவு என்ற விடயம் மிக முக்கியமானது. நோய் வந்த பிள்ளையின் தாயிடம், முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், காய்ச்சல் வந்ததா, எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள் என்று கேட்டால், அவர் ஏற்கெனவே ஆயிரம் முறை அவற்றைத் துருவித் துருவி நினைத்துப் பார்த்தவராக இருப்பார். ஆரோக்கியமான பிள்ளையின் தாய்க்கு அவற்றில் பாதி மறந்திருக்கும். இந்த வேறுபாடு மட்டுமே இல்லாத தொடர்பை உருவாக்கிவிடும். தாய்ப்பால் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. நான்கு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்று 2013-இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வேறு சிலவற்றில் தொடர்பு தெரியவில்லை. உங்கள் கேள்வியே அந்த நினைவுத் துருவலுக்கு எடுத்துக்காட்டாக இருக்கிறது, அம்மா. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தத் தாயும் அப்படித்தான் செய்வார்.

கருப்பைச் சூழலுக்குத் தனிப் பங்கு உண்டா என்பதை வேறொரு வழியிலும் கனடாவில் ஆராய்ந்தார்கள். எம்.எஸ். நோயாளிகளின் உடன்பிறப்புகளில், தாய் ஒருவராகவும் தந்தை வேறாகவும் உள்ளவர்களையும், தந்தை ஒருவராகவும் தாய் வேறாகவும் உள்ளவர்களையும் ஒப்பிட்டார்கள். நோய் வரும் வாய்ப்பு ஒரே தாயின் பிள்ளைகளுக்கு 2.35 வீதம், ஒரே தந்தையின் பிள்ளைகளுக்கு 1.31 வீதம் என்று 2004-இல் வெளியிட்டார்கள். தாய்வழியில் ஏதோ ஒன்று கூடுதலாகக் கடத்தப்படுகிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு. அதே குழுவினர், தத்தெடுக்கப்பட்டு நோயாளியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஆபத்து கூடுவதில்லை என்றும் முன்பே காட்டியிருந்தார்கள். ஆனால் ஒரே கருப்பையில் ஒரே காலத்தில் வளர்ந்தாலும் மரபணுவில் சாதாரண உடன்பிறப்புகளைப் போன்றவர்களான இருகரு இரட்டையருக்குச் சாதாரண உடன்பிறப்பை விட ஆபத்து கூடுதல் என்று கனடாவில் கண்டதைச் சுவீடனின் தேசியப் பதிவேடு உறுதிப்படுத்தவில்லை. கருப்பைச் சூழலின் பங்கு இருந்தால், இரண்டு நாடுகளின் கணக்கிலும் பளிச்சென்று தெரியும் அளவுக்குப் பெரியதாக அது இல்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. ஊரில் இந்த நோயைக் கேள்விப்பட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிரித்தானியாவுக்குக் குடியேறியவர்களிடம் எம்.எஸ். அரிதாக இருக்க, அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் அது ஆங்கிலேயர்களின் அளவை நெருங்குவதாக 1990-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. ஆகவே பிறந்து வளரும் நாட்டில் ஏதோ இருக்கிறது. அது கருவில் இருந்த ஒன்பது மாதத்தில் அடங்கியிருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பதின்ம வயது முடியும் வரை அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

இப்போது கிடைத்துள்ள சான்றுகளில் மிக வலுவானது எப்ஸ்டீன்-பார் வைரஸ் பற்றியது. அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் சேமித்த இரத்தத்தைக் கொண்டு 2022-இல் வந்த ஆய்வில், அந்த வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்காகியது. மாதிரி கிடைத்த 801 நோயாளிகளில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் நோய்க்கு முன் அது தொற்றியிருந்தது. உலகில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. எங்கள் நாடுகளில் இது மழலைப் பருவத்திலேயே அறிகுறியின்றித் தொற்றிவிடும். செல்வ நாடுகளில் பலருக்குப் பதின்ம வயதில்தான் முதல் தொற்று வருகிறது. அது தொண்டை வலியும் கழுத்துக் கட்டிகளுமாகப் பல வாரம் படுத்தும் மோனோநியூக்ளியோசிஸ் காய்ச்சலாக வெளிப்படுகிறது. அந்தக் காய்ச்சல் கண்டவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. ஆஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் 2005-இல் வந்த ஆய்வில், முதல் ஆறு வயதுக்குள் கைக்குழந்தைகளான தம்பி தங்கைகளோடு அதிக காலம் வளர்ந்தவர்களுக்கு எம்.எஸ். குறைவாக இருந்ததற்கும் இத்தகைய தொற்றுகள் இளமையிலேயே வந்துபோனது காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். 18 வயதில் உடற்பருமன் இருந்த பெண்களுக்கு ஆபத்து இரு மடங்குக்கு மேல் என்பதும், 6 முதல் 15 வயது வரை கோடை விடுமுறைகளில் வெயிலில் நன்றாக விளையாடியவர்களுக்கு ஆபத்து குறைவு என்பதும் இந்தப் பருவத்தைச் சேர்ந்தவையே.

கிழக்கு லண்டன் தங்கை எழுதியது:

அம்மா, வணக்கம். எனக்கும் எம்.எஸ். இருக்கிறது, நோயோடுதான் கருவுற்று ஒரு மகனைப் பெற்றேன். உங்கள் மகளின் இடத்தில் நின்று எழுதுகிறேன்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இந்த நோய் வருமா என்ற 3 வீதக் கவலையை விட மிக உடனடியான ஒன்று, உங்கள் மகள் இப்போது எடுக்கும் மருந்து. ரெரிபுளுனமைட், பிங்கோலிமொட் போன்றவற்றை எடுத்துக்கொண்டு கருவுறக் கூடாது; கருவுக்குத் தீங்கு நேரலாம். முன்னதாகவே நிறுத்த வேண்டும், சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்பை விடக் கடுமையாகத் திரும்பவும் கூடும். இன்ரர்பெரோன், கிளாற்றிரமர் போன்றவற்றைக் கர்ப்ப காலத்திலும் தொடர விடுகிறார்கள். எனவே கருவுற முயற்சி செய்வதற்குப் பல மாதங்கள் முன்பே அவர் தன் எம்.எஸ். வைத்தியரிடமும் தாதியிடமும் பேசித் திட்டமிட வேண்டும். தானாக எதையும் நிறுத்த வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். நானும் அந்த உரையாடலை முதலில் தொடங்கியதால்தான் நிம்மதியாக இருக்க முடிந்தது.

கர்ப்பம் நோயைக் கெடுத்துவிடும் என்று எங்கள் வீடுகளில் இன்னும் நம்புகிறார்கள். 1998-இல் ஐரோப்பாவில் 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அந்த அச்சத்தை மாற்றியது. கடைசி மூன்று மாதங்களில் நோய்த் தாக்குதல்கள் வெகுவாகக் குறைகின்றன. பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களில் கூடுகின்றன, பிறகு பழைய நிலைக்கு வருகின்றன. ஆகவே உங்கள் உதவி மிகவும் தேவைப்படுவது பிள்ளை பிறந்த பிறகுதான். இரவில் ஒருமுறையாவது பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரைத் தூங்கவிட்டால் அது பெரிய உதவி. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பெண்களிடம் அந்தக் காலத்துத் தாக்குதல்கள் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் உடனே மருந்தைத் தொடங்க வேண்டிய நிலை என்றால், அது தாய்ப்பாலுக்கு ஒத்துவராத மருந்தாக இருந்தால், புட்டிப்பால் கொடுத்தால் போதும். அதற்காக அவர் மனம் குமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் புகைப்பவர் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பெற்றோர் புகைத்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறுவயது எம்.எஸ். ஆபத்து இரு மடங்கு என்று பிரான்ஸில் 2007-இல் கண்டார்கள். புகைப்பதை நிறுத்த எம்.எஸ். என்ற காரணம் தேவையே இல்லை, எப்படியும் நிறுத்த வேண்டியதுதான்.

நல்லூர் அம்மா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அடுத்த மாதம் வைத்தியரிடம் மருந்தைப் பற்றிப் பேசப் போகிறாள். இன்னும் ஒரு சந்தேகம். விற்றமின் டி-யை அதிக அளவில், 10,000 அலகு வீதம், இப்போதே தொடங்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? பிறக்கும் பிள்ளைக்கு ஏதாவது சோதனை செய்து பார்க்க வேண்டுமா? தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

சென்னை நரம்பியலர் எழுதியது:

தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம், அம்மா. தடுப்பூசிகளால் எம்.எஸ். வருகிறதா என்று மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றி மட்டுமே டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஏறத்தாழ 40 இலட்சம் பெண்களின் பதிவுகளைப் பார்த்து, தொடர்பு இல்லை என்று 2015-இல் எழுதினார்கள். குழந்தைக்கு அட்டவணைப்படி எல்லா ஊசிகளும் போடப்பட வேண்டும்.

வைட்டமின் டி விஷயத்தில், முதலில் உங்கள் மகளின் இரத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 600 அலகு என்பதே வட அமெரிக்காவின் பொதுப் பரிந்துரை. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கக்கூடிய மேல் எல்லை 4,000 அலகு. குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்யும் அளவை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். 10,000 அலகைத் தானாகத் தொடர்ந்து எடுத்தால் இரத்தத்தில் கால்சியம் கூடி, தாய்க்கும் கருவுக்கும் தொல்லையாகலாம். கருக்காலத்தில் பெரும் அளவு கொடுத்துப் பிள்ளைக்கு எம்.எஸ். வராமல் தடுத்ததாக எந்தச் சோதனையும் காட்டியதில்லை. பின்லாந்து ஆய்வு சொன்னதும் கடும் குறைபாட்டைப் பற்றியே. கூடுதலாகக் கொடுப்பதைப் பற்றி அல்ல. குழந்தை பிறந்த பிறகு, தாய்ப்பால் குடிக்கும் காலத்தில் நாளொன்றுக்கு 400 அலகு சொட்டு மருந்து கொடுக்கும்படி கனடாவில் எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்கிறார்கள். அதைத் தவறாமல் கொடுத்தால் போதும்.

பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ., மரபணுப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. நோய்க்குத் தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் இருநூறுக்கும் மேல் தெரிந்திருந்தாலும், அவற்றுள் மிக வலுவானதும் ஆபத்தை மூன்று மடங்கு அளவுக்கே கூட்டுகிறது. அதைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கிறார்கள். அந்தப் பரிசோதனையால் உங்கள் வீட்டுக்குக் கவலைதான் கூடும். பதினெட்டு வயதுக்கு முன் எம்.எஸ். தொடங்குவதும் மிக அரிது. பின்னாளில் பார்வை மங்குதல், நாள்கணக்கில் நீடிக்கும் மரத்துப்போதல் போன்றவை வந்தால் குடும்ப வரலாற்றைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரட்டும். வெளியே விளையாட விடுங்கள், உடல் எடை அளவோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு நேராக ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டேன் என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. அந்தப் பனிக்காலத்தில் உங்கள் உடலில் வைட்டமின் டி குறைந்திருக்கக்கூடும். அது உங்கள் மகளின் ஆபத்தைச் சற்றுக் கூட்டியிருக்கவும் கூடும். அதே குளிர்காலத்தில் அதே நகரத்தில் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் அதே குறைவோடு பெற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வரவில்லை. பால் குமட்டியதும் சிசேரியன் செய்ததும் வேலைக்குப் போனதும்தான் காரணம் என்று உங்கள் மகளைப் பரிசோதித்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல இடமளிக்கும் ஆய்வு எதுவும் நான் படித்தவற்றில் இல்லை.